பிளேஸிங் சாடில்ஸ்: யார் எங்கே சிரிக்கிறார்கள்?

'பிளேஸிங் சாடில்ஸ்' என்ற ஹாலிவுட் கவ்பாய் நக்கல் படத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் போதும், இரண்டாவது நிமிஷத்தில் யாராவது ஒருத்தர் "இந்தப் படத்தை இன்னிக்கு எடுக்கவே முடியாது" என்று சொல்லிவிடுவார். ரசிகர்கள் சொல்கிறார்கள், பிடிக்காதவர்கள் சொல்கிறார்கள், எடுத்த மனுஷன் மெல் ப்ரூக்ஸே 2017இல் ஒரு வானொலிப் பேட்டியில் சொன்னார். ரசிகர் சொல்லும்போது அதில் ஓர் ஏக்கம் இருக்கும், மற்றவர் சொல்லும்போது ஒரு நிம்மதி. எனக்கு இரண்டிலுமே சலிப்புதான். 1974இலும் இந்தப் படத்தை எடுக்க முடியாதுதான். எப்படியோ எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பார்க்காதவர்களுக்காகக் கதை. 1874ஆம் வருஷம். ரயில் பாதை போடுகிறார்கள், நடுவில் புதைமணல் வந்துவிடுகிறது. இனி ராக் ரிட்ஜ் என்ற ஊர் வழியாகத்தான் பாதை போக முடியும். நிலத்தின் விலை ஏறப்போகிறது என்று மோப்பம் பிடித்த அட்டர்னி ஜெனரல் ஹெட்லி லமார் ஊரையே காலி செய்யப் பார்க்கிறான். ரவுடிகளை அனுப்புகிறான், ஊர்க்காரர்கள் போக மாட்டேன் என்கிறார்கள், ஊர்க்காவலுக்கு எங்களுக்கு ஒரு ஷெரீப் அனுப்புங்கள் என்று கவர்னருக்குத் தந்தி கொடுக்கிறார்கள். லமாருக்கு ஒரு யோசனை வருகிறது: ஒரு கருப்பினத்தவனை ஷெரீப்பாக அனுப்பினால்? அவனைப் பார்த்த மாத்திரத்தில் இந்த ஜனங்களே மூட்டை கட்டிவிடுவார்களே. தூக்கில் போடப்படக் காத்திருந்த பார்ட் என்ற ரயில்வே கூலியைப் பிடித்து, நட்சத்திரம் குத்தி, ஊருக்கு அனுப்பிவைக்கிறான். அந்த ஊரில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் ஜான்சன். பாதிரியார் ஜான்சன், டாக்டர் ஜான்சன், ஐஸ்க்ரீம் விற்கிறவரும் ஜான்சன்.

இனி, எப்படி எடுத்தார்கள் என்பது. ஆண்ட்ரூ பெர்க்மேன் எழுதிய 'டெக்ஸ் எக்ஸ்' என்ற கதைதான் மூலம். கருப்பினப் போராளி மால்கம் எக்ஸ் குதிரையில் ஏறினால் எப்படி இருக்கும் என்கிற மாதிரி பெயர். அதை வைத்துக்கொண்டு ப்ரூக்ஸ் ஓர் அறையில் எழுத்தாளர்களைச் சேர்த்து உட்கார வைத்தார், அதில் ஒருவர் கருப்பின நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் ப்ரையர். பார்ட் வேஷத்தை ப்ரையரே செய்ய வேண்டும் என்பதுதான் ப்ரூக்ஸின் ஆசை. போதைப்பொருள் வழக்கெல்லாம் இருந்த ஆள், வேண்டாம் என்று ஸ்டூடியோ மறுத்துவிட்டது. அப்படித்தான் க்ளீவன் லிட்டில் வந்தார், பிராட்வே நாடக மேடையில் டோனி விருது வாங்கியவர். சொல்லப்போனால் அது படத்துக்கு நல்லதாகத்தான் முடிந்தது என்று எனக்குப் படுகிறது. ப்ரையர் நடித்திருந்தால் ஒவ்வொரு காட்சியிலும் ஒரு கோபம் கொதித்துக்கொண்டிருக்கும். லிட்டில் சிரித்த முகத்தோடு, சலவை கலையாத சட்டையோடு, குச்சி (Gucci) என்ற ஆடம்பரக் கம்பெனியின் சேணப்பை போட்ட குதிரையில் வருகிறார். யாராலும் தொட முடியாத ஒரு நிதானம். கார்ட்டூன் முயல் பக்ஸ் பன்னிக்குத்தான் அந்த மாதிரி நிதானம் உண்டு. அதைப் படமே ஓரிடத்தில் ஒத்துக்கொள்கிறது: மாங்கோ என்ற முரடனிடம் பார்ட் வெடிக்கும் மிட்டாய்ப் பெட்டியைக் கொடுத்துவிட்டு ஓடும்போது பின்னணியில் பக்ஸ் பன்னி வரும் வார்னர் கார்ட்டூன்களின் இசை வருகிறது.

குடிகாரத் துப்பாக்கி வீரன் வேக்கோ கிட் வேஷத்துக்கு முதலில் வந்தவர் கிக் யங். நிஜத்திலேயே குடிநோயாளி. முதல் நாள் படப்பிடிப்பிலேயே உடம்பு கெட்டு விழுந்தார். அவசரமாகப் பறந்து வந்து அந்த இடத்தில் நின்றவர் ஜீன் வைல்டர். படம் முடிந்ததும் ஸ்டூடியோ மேலதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள், அறையில் பெரிதாகச் சிரிப்பில்லை. அதே படத்தை ஸ்டூடியோ ஊழியர்களுக்குப் போட்டபோது கூரை பறந்தது என்பது ப்ரூக்ஸ் வருஷக்கணக்காகச் சொல்லிவரும் கதை. கருப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்த வசைச்சொல்லை எடு, குசு விடும் காட்சியை எடு, குதிரையைக் குத்துவதை எடு என்று ஒரு பெரிய பட்டியல் கொடுத்தார்களாம். ப்ரூக்ஸ் எல்லாவற்றையும் பவ்யமாக எழுதிக்கொண்டு, அவர்கள் போனதும் காகிதத்தைக் குப்பையில் போட்டாராம். படத்தின் கடைசி வடிவத்தை முடிவு செய்யும் உரிமை ஒப்பந்தத்தில் அவர் கையில் இருந்தது, அதனால் முடிந்தது. சுமார் 26 லட்சம் டாலரில் எடுத்த படம் 11 கோடிக்கும் மேல் சம்பாதித்தது. ஆக, "அந்தக் காலத்தில் எல்லோரும் தாராள மனசோடு இருந்தார்கள்" என்ற கதையெல்லாம் வேண்டாம். அந்தக் காலத்திலும் கத்தரிக்கோலோடுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு இதில் எழுத வேண்டும் என்று தோன்றுவது வேறு விஷயம். இந்தப் படத்தை நாலு பேரோடு உட்கார்ந்து பாருங்கள். எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் ஒரே இடத்தில் சிரிக்க மாட்டார்கள், ஒரே இடத்தில் சிரித்தாலும் ஒரே காரணத்துக்காக இருக்காது.

எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டேன். மச்சான் கேம்ப்ஃபயர் காட்சியில் விழுந்து விழுந்து சிரித்தான். மாட்டுக்காரக் கும்பல் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து தட்டு தட்டாகப் பீன்ஸ் தின்றுவிட்டு ஒருவர் பின் ஒருவராக எழுந்து வாயு விடுகிறார்களே, அந்தக் காட்சி. அதற்கு வசனவரி தேவையில்லை, உலகம் முழுக்கப் புரியும். (இதைத் தொலைக்காட்சியில் போட்டபோது சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டார்களாம், ஆட்கள் காரணமே இல்லாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்தால் பார்ப்பவன் என்ன நினைப்பான்.) சித்தப்பா அந்தக் காட்சியில் சிரிக்கவில்லை. அவர் வேறு ரகம். 'மெக்கன்னாஸ் கோல்டு' காலத்து ஆள், மெட்ராஸில் அந்தப் படம் போடுபோடென்று ஓடியபோது திரும்பத் திரும்பப் பார்த்தவர். கவ்பாய் படத்தில் கேம்ப்ஃபயர் எரியும், காப்பி கொதிக்கும், பீன்ஸ் தட்டு வரும், ஆனால் ஒருத்தனுக்கும் வயிறு என்ற ஒன்று இருப்பதாகவே தெரியாது. அந்த நியாயமான சந்தேகத்துக்கு ப்ரூக்ஸ் பதில் சொல்கிறார். இதைச் சொன்னபோது சித்தப்பா, "அது சரிடா, அதுக்காக?" என்றார். அவர் ரசித்தது தலைப்புப் பாட்டை. சாட்டை சொடுக்கும் சத்தத்தோடு ஃப்ராங்கி லேன் நெஞ்சைத் திறந்து பாடுகிறார். அதுதான் விசேஷம்: இது நக்கல் படம் என்று லேனிடம் யாரும் சொல்லவில்லை. அவர் உருகிப் பாடினார், கண்ணில் தண்ணீர் வந்தது, அதைப் பார்த்த எனக்குச் சொல்ல மனசு வரவில்லை என்று ப்ரூக்ஸ் பின்னால் சொல்லியிருக்கிறார். வெஸ்டர்ன் படங்களை உண்மையாக நேசிக்கிறவர்களுக்கு அந்தப் பாட்டு கேலியாகவே படாது. சித்தப்பாவுக்குப் படவில்லை.

தொடக்கக் காட்சி இன்னும் நுணுக்கமானது. வெயிலில் தண்டவாளம் போடும் கருப்பினத் தொழிலாளிகளைப் பார்த்து மேஸ்திரி லைல், "உங்க ஆளுங்க பாட்டு ஒண்ணு பாடுங்கடா" என்று அதட்டுகிறான். அவன் எதிர்பார்ப்பது அடிமைக்காலத்து வேலைப்பாட்டு. பார்ட்டும் கூட்டாளிகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, கோல் போர்ட்டரின் காதல் பாட்டு ஒன்றை இரவு விடுதிப் பாடகர்கள் மாதிரி வழவழவென்று, சுருதி சேர்த்துப் பாடுகிறார்கள். 1934இல் வந்த பாட்டு, கதை நடப்பது 1874இல். குழம்பிப்போன மேஸ்திரிகள், "அதில்லடா, இப்படி" என்று தாங்களே பாடிக் காட்ட ஆரம்பிக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்காரர்கள் கையை ஆட்டிக் காலைத் தூக்கி ஆடிக்கொண்டிருக்கிறார்கள், தொழிலாளிகள் கடப்பாரையில் சாய்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். தங்கள் தலையில் இருக்கும் கோமாளிப் படத்தை யாரும் கேட்காமலே அவர்களே நடித்துக் காட்டிவிட்டார்கள். அடுத்த காட்சியில் கைவண்டியோடு பார்ட்டும் இன்னொருவரும் புதைமணலில் இறங்கும்போது மேலதிகாரி பதறிப்போய்க் கயிறு போடுகிறான், வண்டிக்கு. 400 டாலர் வண்டியாம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றில் ஏதோ செய்யும் இடம் அது.

சரி, ஊருக்குள் வரும் காட்சிக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை படத்தின் உச்சம் இதுதான்.

ராக் ரிட்ஜில் தோரணம், பேண்டு வாத்தியம், வரவேற்பு மேடை எல்லாம் தயார். கூரைமேல் காவல் இருக்கும் கிழவன் தொலைநோக்கியில் பார்த்துவிட்டுப் புது ஷெரீப்பின் நிறத்தைக் கத்திச் சொல்கிறான், சரியாக அந்தச் சொல் வரும்போது கோவில் மணி அடித்து விழுங்கிவிடுகிறது. "ஷெரீப் பக்கத்தில் வந்துவிட்டார் என்கிறான்" என்று கீழே ஒருவர் விளக்கம் சொல்ல, வாத்தியம் முழங்குகிறது. பார்ட் வருகிறார். வாத்தியம் ஒவ்வொன்றாக நிற்கிறது. பார்ட் மேடையேறி, ஆணையை எடுத்துப் படிக்க ஆரம்பிக்கும்போது ஊர் மொத்தமும் துப்பாக்கியை உருவிவிட்டது. அப்போது அவர் தன் துப்பாக்கியை எடுத்துத் தன் கழுத்திலேயே வைத்து, ஒரு முரட்டுக் குரலில் மிரட்டுகிறார்: யாராவது அசைந்தால் இந்தக் கருப்பன் காலி. ஊர் உறைந்துபோகிறது. "துப்பாக்கியைக் கீழே போடுங்கப்பா, ஆள் விளையாடுற மாதிரி தெரியல" என்கிறார் ஒருவர். அடுத்து பார்ட் குரலை மாற்றி, நடுங்கும் ஏழை நீக்ரோவாகக் கெஞ்சுகிறார், மறுபடி முரடனாக அதட்டுகிறார், தன்னைத்தானே சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார். கூட்டத்தில் ஒரு பெண் உருகிப்போய், "அந்தப் பாவப்பட்ட மனுஷனுக்கு யாருமே உதவ மாட்டீங்களா?" என்கிறாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் பார்ட் தன்னையே மெச்சிக்கொள்கிறார்: என்ன திறமைசாலிடா நீ, அவர்கள் என்ன மடையர்கள்!

மச்சான் சிரித்தது ஊர்க்காரர்களின் முட்டாள்தனத்துக்கு. நியாயம்தான். ஆனால் இன்னொரு தடவை பாருங்கள். ஒரு நிமிஷம் முன்னால் அந்த ஆளைச் சுட்டுத்தள்ளத் துப்பாக்கி உருவிய அதே ஜனங்கள்தான் இப்போது அவன் உயிருக்காகப் பதறுகிறார்கள். நடுவில் என்ன மாறியது? ஆள் மாறவில்லை, நிறம் மாறவில்லை. மார்பில் நட்சத்திரத்தோடு நிமிர்ந்து நின்றவன் கெஞ்சுகிறவனாக ஆகிவிட்டான், அவ்வளவுதான். கெஞ்சுகிற கருப்பினத்தவன் அவர்களுக்குப் பழக்கமான ஆள், அவனுக்காக இரக்கப்படத் தெரியும். அதிகாரத்தோடு வருகிறவனை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. பார்ட்டுக்கு இது தெரியும், தெரிந்ததால்தான் பிழைத்தார்.

இதைப் பார்க்கும் தமிழ்க்காரருக்குத் தன் ஊர் ஞாபகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தலித் தலைவர் ஒருவர் நாற்காலியில் நிலைக்கவே விடவில்லை. ஒன்று வேட்புமனு வராது, அல்லது ஊரே ஓர் ஆளை நிறுத்தி, ஜெயித்ததும் ராஜினாமா எழுதி வாங்கிவிடும். மேலவளவில் தலைவராக வந்த முருகேசனை 1997இல் கொன்றே போட்டார்கள். அந்த ஊர்களிலும் கல்யாணத்துக்கு உதவுகிற, ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுக்கிற நல்ல மனசுக்காரர்கள் இருந்திருப்பார்கள். நாற்காலியில்தான் பிரச்சினை. அது எங்கேயோ அமெரிக்காவில் நடக்கும் கதை என்று சிரிக்கிற நம் சிரிப்பு ரொம்ப சௌகரியமானது, அதனால்தான் எனக்கு அதன்மேல் கொஞ்சம் சந்தேகம். நம் சினிமா நகைச்சுவையில் கருப்பு நிறம் பல பத்து வருஷமாக என்ன பாடு பட்டிருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் தெரியும். நம் படங்களில் கருப்பாக இருப்பவன்தான் ஜோக். இந்தப் படத்தில் கருப்பாக இருப்பவன் ஒருவன்தான் ஜோக்கைப் புரிந்துகொண்டவன்.

இதற்காகப் படத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாட நான் வரவில்லை. "எல்லோரையும் சமமாகக் கிண்டல் செய்கிறது" என்பார்கள் ரசிகர்கள். அது உண்மையில்லை. நிற விஷயத்தில் அடி யார்மேல் விழ வேண்டும் என்று படம் தெளிவாக யோசித்திருக்கிறது, அந்த அறையில் ப்ரையர் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். பெண்கள் விஷயத்தில் அப்படி யாரும் இல்லை. ஹெட்லி லமார் அடியாள் எடுக்கும்போது வருகிற பலாத்கார ஜோக்குகளை இப்போது பார்த்தால் அவற்றுக்கு ஒரு திசையே இல்லை, சும்மா வந்து விழுகின்றன. கடைசியில் வரும் நடனக் கோஷ்டியின் ஓரினச்சேர்க்கைக் கிண்டலும் அதே ரகம்: அவர்கள் நளினமாக நடக்கிறார்கள், அதுதான் ஜோக், வேறொன்றுமில்லை. நடிகை மாடலின் கான் மட்டும் தனக்குக் கொடுத்த பாத்திரத்தைவிடப் பெரிதாக நடித்துத் தப்பித்துவிட்டார். ஆண்களால் அலுத்துப்போன கேளிக்கைக்காரியாக, வேண்டுமென்றே கொஞ்சம் சுருதி தப்பி, நாற்காலியில் சாய்ந்து அவர் பாடும் பாட்டில் இருக்கும் களைப்பு நிஜக் களைப்பு. துணை நடிகை ஆஸ்கருக்குப் பரிந்துரை கிடைத்தது அதற்குத்தான்.

படத்தின் கடைசிப் பகுதி பற்றியும் ரசிகர்கள் இரண்டு கட்சி. சண்டை முற்றி, செட் சுவரை உடைத்துக்கொண்டு பக்கத்துப் படப்பிடிப்புக்குள் போய், அங்கிருந்து ஸ்டூடியோ சாப்பாட்டுக்கூடத்தில் முகத்தில் கேக் அப்பிக்கொண்டு, தெருவுக்கு வந்து, கடைசியில் பார்ட்டும் வேக்கோ கிட்டும் ஹாலிவுட் சைனீஸ் தியேட்டருக்குள் போய்த் தங்கள் படத்தின் முடிவையே பார்க்கிறார்கள். ப்ரூக்ஸுக்கு முடிக்கத் தெரியவில்லை என்பது ஒரு கட்சி. சித்தப்பா அந்தக் கட்சி, எழுந்து காப்பி போடப் போய்விட்டார். நான் மற்ற கட்சி. ஊர் திருந்திவிட்டது, எல்லோரும் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று அந்தக் கவ்பாய் ஊருக்குள்ளேயே முடித்திருந்தால் நம்ப முடியுமா? அட்டை ஊர் அது, அட்டை என்று காட்டிவிடுவதுதான் யோக்கியம். அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பேரம் வருகிறது, கவனித்திருப்பீர்கள். ஊரைக் காப்பாற்ற ரயில்வே தொழிலாளிகள் உதவுகிறார்கள், பதிலுக்கு அவர்களுக்கு நிலம் வேண்டும். ஊர்க்காரர்கள் முணுமுணுத்துவிட்டு, சரி, கருப்பர்களுக்கும் சீனர்களுக்கும் தருகிறோம், ஐரிஷ்காரர்களுக்கு மட்டும் கிடையாது என்கிறார்கள். எல்லோருக்கும் என்றால்தான் வருவோம் என்று தொழிலாளிகள் நின்றபிறகு வேண்டா வெறுப்பாக இறங்கி வருகிறார்கள். மனமாற்றம் இந்த லட்சணத்தில்தான் நடக்கும் என்று படத்துக்குத் தெரியும்.

2020இல் ஓடிடியில் படத்துக்கு முன்னால் திரைப்பட ஆய்வாளர் ஜாக்லின் ஸ்டூவர்ட்டின் சிறு அறிமுகம் ஒன்றைச் சேர்த்தார்கள். இனவெறிப் பேச்சு படம் முழுக்க வருகிறது, ஆனால் அதைப் பேசுகிறவர்கள் அறிவிலிகளாகத்தான் காட்டப்படுகிறார்கள் என்று நிதானமாகச் சொல்கிறார். ஒரு சிலருக்கு அதற்கே கோபம், எங்களுக்குப் பாடம் எடுக்கிறார்களா என்று. கிண்டல் தாங்கத் தெரியவில்லையே உங்களுக்கு என்று ஊரையெல்லாம் கேட்கிறவர்கள் ஓர் அறிமுகத்தைத் தாங்க முடியாமல் தவித்தது வேடிக்கைதான். ஆனால் அவர் சொன்னது தேவையாகவும் இருக்கிறது. அந்த வசைச்சொல் திரையில் வரும்போது, அதைச் சொல்லும் மடையனைப் பார்த்துச் சிரிக்கிறவனும் உண்டு, அப்பாடா, இங்கேயாவது இதைக் கேட்டுச் சிரிக்க முடிகிறதே என்று சிரிக்கிறவனும் உண்டு. இரண்டு சிரிப்பும் வெளியில் ஒரே மாதிரிதான் கேட்கும். படம் எவ்வளவு சாமர்த்தியமாக எழுதப்பட்டிருந்தாலும் இரண்டாவது ஆளை வெளியே அனுப்ப அதனிடம் வழியில்லை. இதை ரசிகர்கள் ஒத்துக்கொள்வதில்லை, எனக்கு இதில் அவர்களோடு சண்டை உண்டு.

படத்தில் ஒரு பாட்டி வருகிறாள். பார்ட் தெருவில் மரியாதையாக வணக்கம் சொன்னபோது நாக்கூசும் வசையால் பதில் சொன்னவள். மாங்கோவை அவர் அடக்கிய பிறகு, சாயங்காலம் தனியாக வந்து, அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டு ஆப்பிள் பை கொடுக்கிறாள். போனவள் திரும்பி வந்து, நான் உங்களோடு பேசியதை வெளியில் சொல்லாமல் இருக்கும் நாகரிகம் உங்களுக்கு இருக்கும்தானே என்கிறாள். பார்ட் சிரித்துக்கொண்டே சரி என்கிறார். வேறு என்ன சொல்வார்.

"இன்னிக்கு எடுக்க முடியாது" கட்சிக்கு ஒரு தகவல் மட்டும் பாக்கி. எடுத்துவிட்டார்கள். 2022இல் வந்த 'பாஸ் ஆஃப் ஃப்யூரி: தி லெஜெண்ட் ஆஃப் ஹாங்க்' என்ற அனிமேஷன் படம் இதே கதைதான். ஷெரீப்புக்குப் பதில் சாமுராய், பூனைகள் வாழும் ஊருக்குக் காவலனாக ஒரு நாய். ப்ரூக்ஸே ஒரு பாத்திரத்துக்குக் குரல் கொடுத்திருக்கிறார், பழைய எழுத்தாளர்களின் பெயரும் போட்டிருக்கிறார்கள். படம் வசூலில் படுத்துவிட்டது. அதைப் பற்றி யாரும் சண்டைகூடப் போடவில்லை. மச்சானின் மகள் பார்த்தாள், நாய் அழகாக இருக்கிறது என்றாள்.